விதைக்கும் ஒரு தாய்மண் உண்டு

சென்ற கோடையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடிக்கு நாம் செல்ல நேர்ந்தது. அங்கு மகனோடு வாழும் மூதாட்டி ஒருவர், ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய பல்கணியில் ஆறு சாடிகளில் கத்தரி வளர்க்கிறார். 1980களின் பிற்பகுதியில் ஊரை விட்டு வெளியேறிய வேளையில் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதைகளின் வழிவந்த செடிகள் அவை. ஆண்டுதோறும் ஒரு காயை முற்றிப் பழுக்க விட்டு, விதையெடுத்து, நிழலில் உலர்த்தி, கடதாசியில் மடித்து, தேயிலைப் பேணி ஒன்றில் இட்டு அடுத்த வேனில் வரை வைத்திருப்பார்.

தேநீர் தந்த கையோடு அவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, நீங்கள் கம்பசிலை படிப்பிச்ச ஆள். சொல்லுங்கோ பாப்பம். இவ்வளவு வருசமாய் இந்தக் குளிருக்கை காய்ச்ச பிறகும் இது எங்கடை ஊர்க் கத்தரிதானோ?”

நாம் கற்பித்தது வரலாறு, தாவரவியல் அன்று. ஆகவே அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினோம். பின்னர் பல மாதங்களாகத் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. கத்தரியில் தொடங்கிய தேடல், உலகின் பல மூலைகளுக்கும் எம்மை இட்டுச் சென்றது.

காட்டிலிருந்து வீட்டிற்கு

உலகில் இன்று அறியப்பட்டுள்ள தாவர இனங்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். அவற்றுள் மனிதர் உண்ணத்தக்கவை ஏழாயிரத்துக்கும் மேல். ஆயினும், தாவர உணவிலிருந்து மனித குலம் பெறும் சக்தியில் ஏறத்தாழ அரைவாசியை அரிசி, கோதுமை, சோளம் என்னும் மூன்றே மூன்று தானியங்கள் தருகின்றன. இவ்வளவு பெரிய சுமையை இவ்வளவு சில தோள்களில் ஏற்றியிருக்கிறோம் என்பதைச் சோறு உண்ணும் வேளையில் நாம் நினைப்பதில்லை.

இந்தத் தானியங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் காட்டுப் புற்களே. காட்டுக் கோதுமைக்கும் வயற் கோதுமைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு மிகச் சிறியது. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் தானாகவே உடைந்து மணிகளை நிலத்தில் சிந்திவிடும். அது அந்தப் புல்லின் பிழைக்கும் வழி. ஆனால் அவற்றிடையே, பிறவிப் பிழையாக, மணிகளைச் சிந்தாது கதிரிலேயே பற்றி நிற்கும் செடிகள் சில இருந்தன. காட்டில் அத்தகைய செடிக்குச் சந்ததி அரிது. மனிதன் கதிரறுக்கத் தொடங்கியபோதோ அவன் கையில் மிகுதியாக வந்தவை அவையே. மறுபருவம் அவன் விதைத்தவையும் அவையே. மேற்காசியாவில், இன்றைய துருக்கியின் தென்கிழக்கு, சிரியா, ஈராக் ஆகிய நிலங்களை உள்ளடக்கிய பிறைவடிவப் பகுதியில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த கதை இது. கிழக்காசியாவில் நெல்லும் இதே வழியிற்றான் வயலுக்கு வந்தது.

அதுபோலவே, காட்டு விதைகள் அனைத்தும் ஒரே மழைக்கு முளைத்துவிடுவதில்லை. சில இவ்வாண்டு முளைக்கும். சில மண்ணுள் உறங்கி அடுத்த ஆண்டையோ அதற்கு அடுத்த ஆண்டையோ பார்த்திருக்கும். ஒரு வரட்சியில் அனைத்தும் மடிந்துபோகாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. உழவனுக்கு அந்த உறக்கம் தொல்லை. விதைத்தவை அனைத்தும் ஒருமிக்க முளைக்கவேண்டும். ஆகவே உறங்கும் விதைகள் ஒதுக்கப்பட்டன. கசப்பு ஒதுக்கப்பட்டது, முள் ஒதுக்கப்பட்டது, சிறுத்த காய் ஒதுக்கப்பட்டது. இவ்வாறு ஒவ்வொன்றாக ஒதுக்கியதன் பயனே இன்று எமது தட்டில் இருக்கும் உணவு.

ஆனால் கசப்பையும் முள்ளையும் ஒதுக்கியபோது, அவற்றோடு சேர்ந்து வேறு பலவும் போயின. பூச்சியை எதிர்க்கும் ஆற்றல், நோயைத் தாங்கும் வலு, உப்பு மண்ணில் நிலைக்கும் திறன் ஆகியவை அவற்றுட் சில. அவை உலகை விட்டே போய்விடவில்லை. வயலுக்கு வராது காட்டிலேயே தங்கிவிட்ட உறவினரிடம் இன்னும் இருக்கின்றன. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றையே: வெளியேறி வாழும் பயிருக்கு இடர் வரும்போதெல்லாம், ஊரில் தங்கிய உறவினரே அதைக் காத்திருக்கின்றனர்.

விதை தேடிய மனிதர்

எமது குசினியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மிளகாய் இல்லாத சமையலை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அதன் பிறந்தகம் மெக்சிக்கோவும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் ஆகும். போத்துக்கேயர் கடல் கடந்து வந்த பின்னரே அது எமது கரைகளை அடைந்தது. அதுவரை எமக்கு உறைப்பைத் தந்தது மிளகு; ஆகவேதான் புதிதாக வந்த காய்க்கு ‘மிளகு காய்’ என்று பெயர் வைத்தோம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. குரக்கன், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்காபிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து இந்தியத் துணைக்கண்டத்தை அடைந்தது. கத்தரி மட்டும் எமக்கு அண்மையது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவே அதன் வீடு.

ஒவ்வொரு பயிருக்கும் இவ்வாறு ஒரு பிறந்தகம் உண்டென்பதை உலகளாவிய தேடலால் நிறுவ முயன்றவர் ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் வவிலோவ். 1887 இல் மொஸ்கோவில் பிறந்தவர். ஒரு பயிரின் வகைகள் எந்த நிலத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றனவோ, அந்நிலத்திற்றான் அது தோன்றியிருக்கவேண்டும் என்பது அவர் கருதுகோள். பயிர்களின் தோற்ற மையங்கள் பற்றிய நூலை 1926 இல் வெளியிட்டார். எல்லாப் பயிர்களுக்கும் இது பொருந்தாது எனப் பின்வந்த ஆய்வாளர் திருத்தியுள்ளனர். ஆயினும் அடிப்படை இன்றும் நிலைத்து நிற்கிறது.

அவர் நூலறைக்குள் இருந்து எழுதியவர் அல்லர். 1924 இல் ஆப்கானிஸ்தான் மலைகளில் அலைந்தார். பின்னர் மத்தியதரைக்கடல் நாடுகள், எத்தியோப்பியா, மேற்குச் சீனம், யப்பான், கொரியா, மெக்சிக்கோ, அந்தீஸ் மலைநாடுகள் எனச் சென்ற இடமெல்லாம் உழவரிடமும் சந்தைகளிலும் விதை சேர்த்தார். 1929 இல் இன்றைய கசகஸ்தானின் அல்மா அத்தா நகரை அடைந்தபோது, அருகிலிருந்த தியான்சான் மலைச்சரிவுகளில் காடாக நின்றவை அப்பிள் மரங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு என ஒன்றையொன்று ஒவ்வாத எண்ணற்ற வகைகள். வீட்டு அப்பிளின் தாயகம் இதுவே என அவர் உணர்ந்தார். அப்பிளின் முழு மரபணுத் தொகுதியும் 2010 இல் வாசிக்கப்பட்டபோது, அந்த மலைகளின் காட்டு அப்பிளே இதன் முதன்மை மூதாதை என்பது உறுதியாயிற்று. ஆனால் அதற்கிடையில், நகரம் பெருகியதால் அந்தக் காட்டின் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது.

ஒரே கிழங்கை நம்பிய நாடு

அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தை நாம் ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் கற்பித்தோம். நிலவுடைமையின் கொடுமை, ஆட்சியாளரின் அலட்சியம், மக்கள் பட்டினியால் சாகையில் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியான தானியம் என அனைத்தையும் சொன்னோம். அவை அனைத்தும் உண்மையே. ஆனால் அந்தக் கிழங்கைப் பற்றி நாமும் சொல்லவில்லை. எந்த மாணவரும் கேட்கவுமில்லை.

அந்தீஸ் மலைகளில் உழவர் ஆயிரக்கணக்கான வகை உருளைக்கிழங்குகளைப் பயிரிட்டனர். ஒரே பாத்தியில் பல வகைகளைக் கலந்து நட்டனர். ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவையோ அவற்றுள் மிகச் சில. அயர்லாந்தின் ஏழை உழவர் அவற்றுள்ளும் ‘லம்பர்’ என்ற ஒரே வகையைப் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். கிழங்கின் துண்டையே மீண்டும் நடுவதால், ஒரு வயலின் செடியும் அடுத்த வயலின் செடியும் ஒன்றின் படிகளே. 1845 இல் கருகல் நோய் கடல் கடந்து வந்தபோது, ஒரு செடியை வீழ்த்தும் வழி அனைத்தையும் வீழ்த்தும் வழியாயிற்று. 1841 இல் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1851 இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுந்தோர் கப்பலேறினர்.

அந்நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பின்னர் எங்கே கிடைத்தன? மெக்சிக்கோவின் மேட்டுநிலங்களில் வளரும் ஒரு காட்டு உருளைக்கிழங்கில். உண்பதற்கு உதவாத சிறு கிழங்குகள் கொண்ட அந்தச் செடியை வயற் கிழங்கோடு கலந்து, 20ஆம் நூற்றாண்டில் நோய் தாங்கும் வகைகளை உருவாக்கினர். நோயோ தன்னை மாற்றிக்கொண்டு மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஆய்வாளர்கள் அந்தக் காட்டு உறவினரிடமே திரும்பிப் போகிறார்கள்.

ஆறாயிரத்தில் ஒன்று

நெல்லின் கதையும் இதுவே. 1960களில் பசுமைப் புரட்சியின் குட்டை நெல் வகைகள் ஆசியாவெங்கும் பரவின. விளைச்சல் பெருகியது. ஆனால் பரந்த வயல்களில் ஒரே வகை நின்றதால் நோய்க்கும் வழி திறந்தது. புல்போலக் குட்டையாக்கிக் கதிர்விடாது செய்யும் ஒரு வைரசு நோய், கபிலத் தத்தியால் வயலுக்கு வயல் பரவியது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவகத்தினர், தம்மிடம் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். எதிர்ப்பாற்றல் ஒன்றே ஒன்றில் மட்டும் இருந்தது. அது இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் 1963 இல் சேகரிக்கப்பட்ட ஒரு காட்டு நெல். குட்டைகளின் ஓரத்தில் வளர்ந்து மணி சிந்தும், எவரும் விதைக்காத புல்.

அந்தப் புல்லின் மரபணுவைச் சுமந்து 1976 இல் வெளியான ஐ.ஆர். 36 என்ற வகை, 1980களில் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் ஹெக்டேயரில் விளைந்தது. அந்தக் குட்டை 1963 இற்கு முன்னர் தூர்க்கப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கோப்பி போய்த் தேயிலை வந்த கதை

எமது மக்களின் வரலாற்றையே மாற்றிய ஒரு பயிர்நோய் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை உலகின் முன்னணிக் கோப்பி உற்பத்தி நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. மலைகளின் காடுகளை வெட்டிக் கோப்பி நடுவதற்கும் பறிப்பதற்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கால்நடையாக அழைத்துவரப்பட்டனர். 1869 இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. அதுவே இலைத்துரு நோய். இருபது ஆண்டுகளுள் இலங்கையின் கோப்பித் தொழில் சரிந்து வீழ்ந்தது. 1867 இலேயே தோட்ட அளவில் நடத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

கோப்பி பருவப் பயிர். பறிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளரிற் பலர் ஊர் திரும்புவர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே மக்கள் குடும்பமாக லயன் அறைகளில் நிலைத்தனர். 1948 இல் குடியுரிமையை இழந்து நாடற்றோரானது அவர்களின் வழிவந்தோரே. ஓர் இலையில் படிந்த பூஞ்சணத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே நேர்த்தொடர்பு உண்டென நாம் கூறமாட்டோம். ஆயினும் அந்தப் பூஞ்சணம் இல்லாதிருந்தால் மலையகத்தின் கதை வேறாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இலங்கைக் கோப்பி ஏன் தாங்கவில்லை? அரபிக்கா கோப்பியின் வீடு எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். அங்கிருந்து யேமன் வழியாக வெளியேறிய சில செடிகளின் வழித்தோன்றல்களே ஆசியாவெங்கும் நடப்பட்டன. ஆபிரிக்கக் காடுகளில் அந்நோயும் கோப்பியினமும் நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்தவை; வெளியேறிய சில செடிகளிடமோ அந்தப் பழக்கம் இருக்கவில்லை. 1920களில் திமோர் தீவில், அரபிக்காவும் ரொபஸ்ரா என்ற மற்றோர் ஆபிரிக்கக் கோப்பியினமும் தாமாகவே கலந்து உண்டான ஒரு மரம் நோய்க்கு அசையாது நின்றது. இன்றுள்ள எதிர்ப்பு வகைகளிற் பல அதன் வழிவந்தவையே. ஆனால் 2019 இல் வெளியான ஆய்வொன்றின்படி, உலகின் 124 காட்டுக் கோப்பி இனங்களுள் 60 வீதமானவை அழியும் ஆபத்தில் உள்ளன.

மரவள்ளியைத் தேடி வந்த பகைவன்

காட்டில் தங்கியிருப்பது செடியின் உறவினர் மட்டுமன்று. அதன் பகைவனின் பகைவனும் அங்கேயே இருக்கிறது. ஆபிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு மரவள்ளி. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்ததே. 1970களின் தொடக்கத்தில் கொங்கோப் பகுதியில் வெண்ணிற மாவுப்பூச்சி ஒன்று மரவள்ளியைத் தாக்கத் தொடங்கி, நாடு நாடாகப் பரவியது. மருந்து தெளித்து வெல்ல இயலவில்லை. ஏழை உழவரிடம் மருந்துக்குப் பணமும் இல்லை.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியலாளரும் அவரோடு உழைத்தோரும் மரவள்ளியின் பிறந்தகத்திலேயே விடையைத் தேடினர். 1981 இல் பரகுவே நாட்டில் அந்தப் பூச்சியும், அதன் உடலில் முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒரு மிகச் சிறிய குளவியும் கண்டறியப்பட்டன. தென்னமெரிக்காவில் மாவுப்பூச்சியை அடக்கி வைத்திருந்தது அந்தக் குளவி. கவனமான சோதனைகளுக்குப் பின்னர் குளவிகள் நைஜீரியாவில் விடப்பட்டன. பின்னர் பல ஆபிரிக்க நாடுகளிலும் பரப்பப்பட்டன. மரவள்ளி மீண்டது. 1995 இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

செடியைக் கொண்டுசென்றவர் குளவியைக் கொண்டுசெல்ல எண்ணவில்லை. பூச்சி தனியே பின்தொடர்ந்தது. இன்று ஐரோப்பிய விமான நிலையங்களில் சான்றிதழ் இன்றி விதையோ செடியோ கொண்டுவருவது தடுக்கப்படுகிறது. எம்மவர் பலருக்கு இது மனவருத்தம் தருவதை நாம் அறிவோம். ஆனால் இலங்கையின் கோப்பியும் ஆபிரிக்காவின் மரவள்ளியும் பட்ட பாட்டை அறிந்தவர், அச்சட்டத்தின் நியாயத்தை மறுக்கமாட்டார்.

பட்டினியில் காத்த விதைகள்

மீண்டும் வவிலோவிடம் வருவோம். அவரும் அவர் தோழர்களும் சேர்த்த ஏறத்தாழ 2,50,000 மாதிரிகள் லெனின்கிராட் நகரின் நிறுவகத்தில் இருந்தன. ஆனால் மரபியலை ஏற்காத லைசென்கோவின் குரலே ஸ்டாலினின் செவியில் விழுந்தது. 1940 ஓகஸ்ட் 6 ஆம் நாள், மேற்கு உக்ரேனில் விதை சேகரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே வவிலோவ் கைதானார். 1941 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26 ஆம் நாள், சரத்தோவ் நகரச் சிறையில் பசியால் நலிந்து உயிர் நீத்தார். 1917 இல் அவர் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அதே நகரம் அது. உலகின் பசியைப் போக்க ஐந்து கண்டங்களில் விதை தேடியவருக்கு வாய்த்த முடிவு இது. 1955 இல் அரசு அவரைக் குற்றமற்றவர் என்றது.

அவர் சிறையில் இருந்த வேளையில் லெனின்கிராட் முற்றுகைக்குள் இருந்தது. 1941 செப்ரெம்பர் 8 முதல் 872 நாட்கள். அந்த முதற் குளிர்காலத்தில் பெரும்பாலானோருக்குக் கிடைத்த நாட்பங்கு 125 கிராம் பாண். நிறுவகத்தின் ஆய்வாளர்கள் அரிசி, கோதுமை, கடலை, அவரை மூட்டைகளுக்கு நடுவே, அடுப்பில்லாத அறைகளில், எலிகளிடமிருந்து விதைகளைக் காத்து நின்றனர். நெல் ஆய்வாளர் திமித்ரி இவானோவ் பசியால் இறந்தார். ஆயிரக்கணக்கான நெற்பொதிகள் அவர் பொறுப்பில் குலையாது இருந்தன. நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாந்தர் ஷூக்கின் தமது மேசையிலேயே உயிர்விட்டார். அவர்களைப் போல வேறு பலரும் மாண்டனர். அவர்கள் காத்தவற்றின் வழிவந்த பயிர்கள் பின்னர் பெருநிலங்களில் விளைந்தன.

ஒரு பிடி அரிசியை வேக வைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். பசியையும் முற்றுகையையும் நேரில் அறிந்த எம் மக்களுக்கு, அவர்கள் செய்தது எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை.

தஞ்சம் புகுந்த விதைகள்

இனி எமது காலத்துக் கதை. வரண்ட நிலங்களின் பயிர்களுக்கென அமைந்த பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று, 1977 முதல் சிரியாவின் அலெப்போ நகருக்குத் தெற்கே தெல் ஹதியாவில் இயங்கியது. லெபனானில் மூண்ட உள்நாட்டுப் போரே அந்நிலையம் சிரியாவில் வேரூன்றியதற்கு ஒரு காரணம். கோதுமை, பார்லி, பருப்பு, கடலை ஆகியவற்றின் ஏறத்தாழ 1,50,000 மாதிரிகள் அங்கே இருந்தன. கோதுமை பிறந்த மண்ணிலேயே கோதுமையின் களஞ்சியம். பின்னர் சிரியாவையும் போர் சூழ்ந்தது. 2012 இல் தலைமையகம் இடம்பெயர்ந்தது.

ஆய்வாளர்கள் முன்யோசனை உடையவர்கள். போருக்கு முன்னரும் போர் மூண்ட பின்னரும், தம் விதைகளின் இரட்டைப் பிரதிகளை நோர்வேயின் வடகோடிக்கு அனுப்பி வைத்திருந்தனர். வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் தொலைவில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் உறைந்த மலையொன்றைக் குடைந்து, 2008 பெப்ரவரியில் திறக்கப்பட்ட விதைப் பெட்டகம் அது. அங்கு விதைகள் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் உறங்குகின்றன. உலக நாடுகளின் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே உள்ளன. கொடுத்தவரைத் தவிர வேறெவரும் பெட்டியைத் திறக்க இயலாது.

2015 இல் வரலாற்றில் முதன்முறையாக அந்தப் பெட்டகத்திலிருந்து விதைகள் திரும்பக் கேட்கப்பட்டன. கேட்டவர் அலெப்போவை இழந்த ஆய்வாளர்கள். அந்த விதைகள் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலும் மொறொக்கோவிலும் மீண்டும் மண்ணில் விழுந்தன. வளர்ந்து, முற்றி, பெருகிய பின்னர், 2017 முதல் அவற்றின் ஒரு பங்கு மீண்டும் நோர்வேக்குத் திருப்பி வைக்கப்பட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உறைகுளிரில் இருக்கும் விதை சாகாதிருக்கிறது, ஆனால் வாழவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் முளைவலு குன்றும். குறித்த காலத்தில் வெளியே எடுத்து, விதைத்து, புதுவிதை பெறாவிடின் பெட்டகமே கல்லறையாகிவிடும். வெளியே உலகம் மாறுகிறது, வெயில் கூடுகிறது, நோய்கள் புதுவடிவம் எடுக்கின்றன. வயலிலும் காட்டிலும் நிற்கும் செடிகள் அவற்றோடு மல்லுக்கட்டித் தாமும் மாறுகின்றன. பெட்டகத்து விதைக்கோ அது புகுந்த ஆண்டே கடைசி ஆண்டு.

இன்னொன்றும் உண்டு. எல்லா விதைகளுக்கும் அந்தப் பெட்டகம் தஞ்சம் தருவதில்லை. பலா, மா, தென்னை ஆகியவற்றின் வித்துகளை உலர்த்தினாலோ உறையவைத்தாலோ அவை செத்துவிடும். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாவை எந்த வடதுருவத்திலும் விதையாகச் சேமிக்க இயலாது. அது வாழவேண்டுமானால் மரமாக, மண்ணில், எவரோ ஒருவர் வீட்டு வளவில் நின்றாகவேண்டும்.

மூதாட்டிக்கு எமது விடை

அண்மையில் அந்த ஐந்தாம் மாடிக்கு மீண்டும் சென்றோம். படித்தவற்றைச் சுருக்கிச் சொன்னோம். “ஓம் அம்மா, இது ஊர்க் கத்தரிதான். கத்தரி பெரும்பாலும் தன் பூவிலேயே கருக்கொள்ளும். அதனால் அது வேறாகிப் போகாது. ஆனால் நீங்கள் ஒரு காயிலை மட்டும் விதை எடுத்து வந்தது போதாது. ஒரு செடியின் விதை ஒரு செடியின் கதையை மட்டுந்தான் சொல்லும். நாலைந்து செடியிலை எடுங்கோ. எடுத்ததை இங்கே நாலைந்து வீட்டுக்குக் குடுங்கோ.” அவர் கவனமாகக் கேட்டார். பின்னர், “அப்ப ஊரிலை இருக்கிறது?” என்று கேட்டார்.

அதுவே சரியான கேள்வி. பல்கணியில் காய்ப்பது ஊர்க் கத்தரியின் ஒரு கிளை மட்டுமே. அதன் மற்றக் கிளைகளும், வேலியோரத்தில் எவரும் நீர் ஊற்றாது நிற்கும் முட்கத்தரி போன்ற உறவினரும் அங்கேயே இருக்கின்றன. கடையில் வாங்கும் கலப்பின விதை வந்த பின்னர், விதை எடுத்து வைக்கும் வழக்கம் ஊரிலும் அருகி வருவதாக அங்கிருந்து வருவோர் கூறுகின்றனர். வேலிகள் மதிலாகின்றன. குட்டைகள் தூர்க்கப்படுகின்றன. இங்கே நாம் ஆறு சாடிகளைப் பொன்போலக் காத்து, அங்கே வேலியோரச் செடியை இழந்துவிட்டால், ஒருநாள் இச்சாடிகளுக்கு நோய் வரும்போது எவரிடம் போவோம்?

ஊரில் முதியவர் இருக்கும் வீட்டார் அனைவருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் பெரியதன்று. அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, வளவில் நிற்கும் மரம் செடிகளின் பெயர்களைக் கேளுங்கள். எது எவர் வீட்டிலிருந்து வந்தது, எந்த மாதத்தில் விதைப்பது, எந்த மண்ணில் நன்றாக வரும் என்பனவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். விதை எடுத்து அயலவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த மூதாட்டி அன்று மாலையே ஊரிலுள்ள தமக்கையை அழைத்தார். கிணற்றடியில் நின்ற கத்தரி இன்னும் இருக்கிறதா என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

இருக்கிறதாம். இவ்வாண்டு ஒரு காயை முற்ற விடுமாறு சொல்லியிருக்கிறார்.